பிடிக்க ஆளில்லாமல் போன ஞானஸ்நானம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை காலையில் மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரையில் நடந்தது இது. கூடுவாஞ்சேரியில் இருக்கிற எங்கள் சின்ன சபையிலிருந்து ஏழு பேருக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேன் பிடித்துப் போயிருந்தோம். கடலில் இறங்குகிறவரின் ஒரு கையைப் போதகர் பிடிப்பார். இன்னொரு கையை ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் பிடிப்பது எங்கள் வழக்கம். ஆண்களைப் பிடிக்கிறவன் நான்.

ஏழாவது ஆள் ஒரு திருநங்கை. பொத்தேரியில் இட்லிக் கடை போட்டிருந்தார். ஒரு வருடமாக ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவார். அன்றைக்கென்று புது வெள்ளைப் புடவை கட்டியிருந்தார். பெயர் எழுதியபோது அவரை யார் பிடிப்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. முறை வந்ததும் பெண்கள் நகரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மணலைப் பார்த்தேன்.

"அடுத்த மாசம் பாத்துக்கலாம்மா" என்றார் போதகர்.

"எனக்கு மட்டும் இன்னா பாஸ்டர் அடுத்த மாசம்? தேர்ல வேதம் படிச்சுகினு போனாரே ராணியோட மந்திரி, அவரும் என்னிய மாதிரி ஆளுதான். இதோ தண்ணி கீது, எனக்கு இன்னா தடைன்னு கேட்டாரு. ஊழியக்காரரு பிலிப்பு உடனே எறங்கி குடுத்தாரா இல்லியா? நீ ஆம்பளையா பொம்பளையான்னா விசாரிச்சுகினு நின்னாரு?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வேதத்த உன் இஷ்டத்துக்குத் திருப்பாத" என்று அதட்டினேன்.

அவர் தனியாக இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீரில் கண்ணை மூடி முழுகினார். எழுவதற்குள் ஒரு அலை புரட்டி இழுத்துக்கொண்டு போனது. கரையில் வலை உதறிக்கொண்டிருந்த இரண்டு மீனவர்கள்தான் பாய்ந்து இழுத்து வந்தார்கள். "இத்தினி பேரு நின்னுகினு வேடிக்கையாய்யா பாக்கறீங்க?" என்று ஒருவர் கத்தினார்.

அவர் நெற்றியில் ரத்தம். உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு என்னைத்தான் கேட்டார்: "பிரதர், இத ஆண்டவரு ஏத்துக்குவாரா?"

நான் மறுபடி மணலைப் பார்த்தேன். அவர் ஈரப் புடவையோடு பஸ் பிடிக்க நடந்து போய்விட்டார். மறுவாரம் பொத்தேரிக்குப் போனேன், கடை இருந்த இடம் காலியாக இருந்தது. எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அவர் சொன்ன மந்திரி வரும் அதிகாரத்தைத் திரும்பப் படித்தேன். தமிழ் வேதத்தில் மந்திரி என்றுதான் இருந்தது. போதகரிடம் கேட்டேன். மூல பாஷையில் அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர் என்று இருப்பதாகச் சொன்னார். அவருக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது.

ஆண்டவரிடம் போக வந்த ஒருவருக்குக் குறுக்கே நின்றது நான்தான் என்று சொல்லாமல், இன்றைக்கும் ஜெபம் முடித்து முழங்காலிலிருந்து என்னால் எழ முடிவதில்லை.