கூரியர் கடையில் பிடிபட்ட கொலையாளி

1930களின் மதுரையில் நடக்கும் என் கொலைநாவலை ஒரு வாசகருக்கு அனுப்ப, இன்று காலை ஆனையூர் கூரியர் கடைக்குப் போனேன்.

"இன்னைக்கு ஒண்ணுதானாண்ணே?" கவுண்டரில் இருக்கும் செல்வியின் முகத்தில் ஏமாற்றம்.

ஏனென்று கேட்டேன். நான் கொண்டுபோகும் ஒவ்வொரு பிரதியையும் கவரில் போட்டு ஒட்டுவதற்கு முன் ஓர் அத்தியாயம் படித்துவிடுகிறாராம். இதுவரை பதினேழு.

"கொன்னது யாருன்னு தெரிஞ்சிருச்சுண்ணே" என்று ஒரு பெயரைச் சொன்னார்.

சரியான பெயர். எப்படி என்றேன்.

"திருமங்கலத்துலருந்து வண்டியில நேரா வாரேங்கிறான். அவுத்துவிட்ட மாட்டுக்கு யாருமே தண்ணி காட்டல. நாங்க மாடு வச்சிருக்கோம்ணே. அம்புட்டுத் தூரம் வந்த மாடு சும்மா நிக்குமா? அப்ப அவன் சொன்னது பொய்தானே?"

அந்தத் துப்பை ஒளித்துவைக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. எடிட்டரே கவனிக்கவில்லை. கதையில் வரும் மாட்டின் தாகத்தையும் நினைத்துப் பார்த்த ஒரு வாசகர் முன்னால் கைகட்டி நின்றேன்.

பையிலிருந்த என் சொந்தப் பிரதியை நீட்டினேன்.

"வேணாம்ணே. மொத்தமாக் குடுத்தா ஒரே நாள்ல தீந்துரும்."

நாவலில் திருமங்கலத்திலிருந்து நான்கு பேர் வண்டியில் வருகிறார்கள். அதனால் இன்னும் படிக்காதவர்கள் என்னைத் திட்ட வேண்டாம்.

இன்றைய பிரதி போக, செல்விக்கு இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி. இரண்டு பேர் ஆர்டர் போட்டால் போதும். யார் அந்த இருவர்?