ஒற்றைக்கண் தபால்காரரின் இரண்டாம் பாகம்

புதன்கிழமைதோறும் நான் போகிற காமிக்ஸ் கடையில் யாரும் காமிக்ஸ் படிப்பதில்லை. வாங்குகிறார்கள், அவ்வளவுதான். நகம் படாமல் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, முதுகுக்கு ஒரு வெள்ளை அட்டையைக் கொடுத்து, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் உறைக்குள் இறக்கி, வாயை ஒட்டிப் பெட்டியில் நிற்க வைத்துவிடுகிறார்கள். பிறந்த குழந்தையைக்கூட யாரும் இவ்வளவு பயந்து தூக்கி நான் பார்த்ததில்லை. நான் இருப்பது லண்டனில். கனடாவில் இருக்கும் லண்டன். திருவண்ணாமலையில் என் உறவுக்காரர்கள் இதை நம்புவதில்லை. நல்ல வேலை போய்விட்டது, அதை மறைக்க நாட்டை மாற்றிச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

இந்த ஊரில் புது இதழ்கள் புதன்கிழமை வரும். கடைக்காரர் டக் அறுபதைத் தொட்டவர். என் பெயர் எழுதிய பெட்டியில் நான் கேட்டு வைத்தவற்றை எடுத்துப் போட்டிருப்பார். வேலை முடிந்து ஐந்தரை மணிக்குப் போவேன். ஐம்பத்திரண்டு வயதில், கழுத்தில் அலுவலக அட்டை தொங்க, முகமூடிக்காரன் போன வாரம் கூரையிலிருந்து விழுந்தானே, பிழைத்தானா என்று தெரிந்துகொள்ளப் பனியில் காரோட்டிப் போகிறவனை என்னவென்று சொல்வது? என் மனைவி சொல்லிவிட்டாள். அதை இங்கே எழுத முடியாது.

கடையின் நடுவில் பழைய இதழ்கள் அடுக்கிய நீள மேசை ஒன்று உண்டு. சுற்றி வந்து பார்க்கலாம். ஒரு புதன்கிழமை டக் கல்லாவை விட்டு எழுந்து வந்து, எதையாவது தொலைத்துவிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். "ஒரு பெட்டியைத் தாண்டிப் போகிறாய். அப்புறம் அதே பெட்டிக்கு வருகிறாய். ஆனால் இரண்டடி பின்னால் வைப்பதில்லை, மேசையை முழுதாகச் சுற்றிக்கொண்டு வருகிறாய். ஒரு வருடமாகப் பார்க்கிறேன்" என்றார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. எங்கள் ஊரில் ஒரு மலை இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அதை வலப்பக்கம் வைத்துச் சுற்ற வேண்டும், பதினான்கு கிலோமீட்டர், செருப்பில்லாமல், நடுவில் திரும்பக் கூடாது. டக் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கார்டியோ உடற்பயிற்சி" என்றார். ஆனால் அடுத்த வாரம் போனபோது என் பாதையில் கிடந்த அட்டைப்பெட்டிகள் எல்லாம் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தன.

எனக்கு அந்தப் பழக்கம் பக்தியால் வந்ததில்லை, காமிக்ஸால் வந்தது. ப்ளஸ் டூ படிக்கும்போது எனக்கும் ஏழுமலைக்கும் பௌர்ணமி என்றால் பழைய புத்தகம். ஏழுமலை அடி அண்ணாமலைக்காரன், என் வகுப்பு. கிரிவலப் பாதையில் ருத்ராட்சத்துக்கும் பிளாஸ்டிக் துப்பாக்கிக்கும் நடுவே பழைய பேப்பர்க்காரர்கள் சாக்கு விரித்திருப்பார்கள். கூட்டம் சேருவதற்குள் விடிந்ததும் கிளம்பிவிடுவோம். எங்கள் காமிக்ஸ் எதுவும் உறையைக் கண்டதில்லை. ஒரு இதழைப் பன்னிரண்டு பேர் படிப்போம். கடைசி ஆளுக்குப் போகும்போது அட்டை இருக்காது, பின் இருக்காது, கதாநாயகன் முகத்தில் முறுக்கு எண்ணெய் இருக்கும். ஏழுமலை உரக்கத்தான் படிப்பான். வில்லனுக்கு ஒரு குரல், குதிரைக்கு ஒரு குரல்.

அப்படிப் படித்ததுதான் ஒற்றைக்கண் தபால்காரர் கதை. பாலைவனத்தில் குதிரையில் தபால் கொண்டுபோகிறவர். முதல் பாகம் முடியும்போது கயிற்றுப் பாலத்தின் நடுவில் நிற்கிறார், இரண்டு முனையும் எரிகிறது. முடிவு இரண்டாம் பாகத்தில் என்று போட்டிருந்தது. அந்த இரண்டாம் பாகம் எங்கள் ஊருக்கு வரவேயில்லை. நாலு மாதம் கழித்து ஒரு பௌர்ணமி காலையில், அடி அண்ணாமலை தாண்டி ஒரு சாக்கில், வாரப் பத்திரிகைகளுக்கு அடியில் அதன் மூலை மட்டும் தெரிந்தது. ஆசையைக் காட்டினால் விலை ஏறும் என்பது எங்கள் பாடம். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு பத்தடி நடந்தேன். கூப்பிடுவான் என்று நினைத்தேன், அவன் கூப்பிடவில்லை. திரும்பினேன். ஏழுமலை சட்டையைப் பிடித்துவிட்டான்.

"டேய், திரும்பாத! மலை இடது பக்கம் வந்துடும்."

"பத்தடிதான்டா!"

"பத்தடின்னா என்ன, பத்து மைல்னா என்ன? சுத்திட்டு வா."

சுற்றினோம். மீதிப் பாதையை முடித்து, கோயிலைத் தாண்டி, மறுபடி முதலிலிருந்து. வெயில் ஏறிவிட்டது. நாங்கள் வந்து சேர்ந்தபோது பேப்பர்க்காரன் இருந்தான், வாரப் பத்திரிகைகள் இருந்தன, அது மட்டும் இல்லை. கொப்புளம் வந்த காலோடு அங்கேயே உட்கார்ந்து ஏழுமலை என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினான்: இனி யாருக்குக் கிடைத்தாலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் பிரிக்க வேண்டும்.

போன மார்ச்சில் டக்கின் மேசையில் அது கிடைத்தது. ஆங்கிலத்தில், முழு வண்ணத்தில், இரண்டு பாகமும் ஒன்றாக, உறைக்குள். வழக்கப்படி முதலில் தாண்டிப் போய், மேசையைச் சுற்றி வந்துதான் எடுத்தேன். ஏழுமலைக்குப் போன் செய்தேன். எனக்குப் புதன் மாலை என்றால் அவனுக்கு வியாழன் விடிகாலை. வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் வேலை, மலை மாதிரி அசையாத கண்டிப்பு. கட்டில் கிறீச்சிட்டது, எழுந்து உட்கார்ந்துவிட்டான். அப்புறம், "பிரிக்காத. லீவுல எடுத்துக்கினு வா" என்றான். "சத்தியமா" என்றேன். அதைச் சொன்னபோது நான் கார் பார்க்கிங்கில் இருந்தேன், புத்தகம் மடியில் இருந்தது, உறை ஏற்கெனவே பின் சீட்டில் கிடந்தது. அடுத்த புதன் டக்கிடம் ஒரு புது உறை வாங்கி ஒட்டிவிட்டேன். அவர் ஊரின் பழக்கம் முதல்முறையாக எனக்கு உதவியது.

லீவில் ஊருக்குப் போனேன். பௌர்ணமிக் கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்காது என்று சாதாரண நாள் ஒன்றில் காலையில் கிளம்பினோம். அதே அடி அண்ணாமலை தாண்டி, பாதையோரச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஏழுமலைக்கு முடி கம்மி, வயிறு ஜாஸ்தி. எனக்கும்தான். உறையைத் தடவிப் பார்த்தான்.

"ஒட்டு கூடப் பிரியலியேடா. நான்கூட உன்ன சந்தேகப்பட்டேன்."

நான் மலையைப் பார்த்துக்கொண்டேன்.

உரக்கத்தான் படித்தான், அந்த நிமிடமே தமிழாக்கி. ஆங்கில வில்லன் பெரிதாகப் பேசுகிறவன் இல்லை. 'வெல்' என்பான், மிஞ்சினால் 'வெல், வெல்' என்பான். ஏழுமலை விடவில்லை. "அற்பப் பதரே! உன் ஆயுள் இந்தக் கயிற்றைவிடக் குட்டை!" என்று கத்தினான். வழியில் போன இரண்டு சாமியார்கள் நின்று பார்த்தார்கள். பாலம் அறுகிற பக்கம் வந்தது. அடுத்த பக்கத்தில் குதிரை என்ன செய்யப்போகிறது என்பது எனக்குத் தெரியும். அவன் தாளைத் தூக்குவதற்குள் சிரித்துவிட்டேன்.

பாதி தூக்கிய தாளோடு நின்றான்.

"எதுக்குச் சிரிச்சே?"

"சும்மாடா."

"ஆளு சாவப் போறான். இதுல என்னா சிரிப்பு? அடுத்த பக்கத்துல இருக்குதா?"

தூக்கிய தாளைக் கீழே விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"எப்பப் படிச்சே?"

"வாங்கின அன்னிக்கு."

"வூட்டுக்குப் போயா?"

"கார் பார்க்கிங்லயே."

"இத்தினி வருஷம் தாங்கினவனுக்கு வூடு வரைக்கும் தாங்கலியா?" புத்தகத்தை மூடினான். "உனக்கு ஒண்ணு தெரியுமா? கீழ்பென்னாத்தூர்ல ஒரு பேப்பர்க் கடைல இது தமிழ்லயே கெடச்சுது. கையில எடுத்தேன், தொறக்கல. நீ லீவுல வந்தா சேர்ந்து வந்து வாங்கறோம்னு சொல்லி எடுத்து வெக்கச் சொன்னேன். அந்த வருஷம் நீ வரல. அவன் அதக் கிழிச்சு வேர்க்கடலை மடிச்சுட்டான்."

அந்த வருடம் ஏன் போகவில்லை என்று யோசித்தேன். காரணம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பெரிய காரணமாக இருந்திருந்தால் ஞாபகம் வந்திருக்கும்.

"நீ நட" என்றான்.

"எங்கடா?"

"நீ படிச்சப்ப நான் பக்கத்துல இருந்தனா? நான் படிக்கறப்ப நீ இருக்காத. நட, நான் முடிச்சுட்டு வரேன்."

எழுந்து நடந்தேன். இருபதடி போனதும் கால் நகரவில்லை. குதிரை வரும் பக்கத்தைப் புரட்டும்போது அவன் முகம் எப்படி மாறும் என்று பார்க்கத்தான் அந்தப் புத்தகத்தைப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்து இவ்வளவு தூரம் கொண்டுவந்தேன். திரும்பக் கூடாது. சுற்றி வந்தால் பதினான்கு கிலோமீட்டர், அதற்குள் அவன் முடித்துவிடுவான். நடுரோட்டில் கம்பம் மாதிரி நின்றேன். பின்னால் வந்த ஒரு பெண்மணி, கையில் தண்ணீர் பாட்டிலோடு, என் பக்கத்தில் நின்றார்.

"என்னாங்க, கால் வலியா?"

"இல்லைங்க. ஃபிரண்டு பின்னாடி உக்காந்திருக்கான்."

"வரானான்னு திரும்பிப் பாக்கறதுதான?"

"கிரிவலத்துல திரும்பக் கூடாதுங்களே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "திரும்பி நடக்கத்தாங்க கூடாது. பாத்தா என்னா? எங்க வூட்டுக்காரரு எங்கயாவது நின்னுடுவாரு, நான் நூறு வாட்டி திரும்பிப் பாத்துக்கினுதான் நடப்பேன்." இரண்டடி போய்விட்டுக் கேட்டார்: "வெளியூருங்களா?"

ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் எதையோ சொன்னேன். அதற்குள் பின்னால் வில்லனின் குரல் எழுந்தது. "அற்பப் பதரே!" என்றது. அப்புறம் தபால்காரரின் குரல். தனியாகப் படிக்கிறவனுக்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை. என் பாதங்கள் இரண்டும் போகிற பக்கம் பார்த்திருந்தன, கழுத்து பாதி வழியில் நின்றது, காது முழுதும் பின்னால் இருந்தது. எனக்கு மனப்பாடமான அடுத்த பக்கத்தை அவன் புரட்டுவதற்காக அப்படியே காத்துக்கொண்டு நின்றேன்.