இடப் பக்கம் பார்த்தவர்

எனக்குப் பதினெட்டு வயது. சாரதி அனுமதிப்பத்திரம் கைக்கு வந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையிலேயே கார் ஓட்டிய முதல் பெண்பிள்ளை நான்தான் என்று அம்மா மாதா கோயிலில் பூசை முடிந்து வருகிற எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். ஜப்பானிலிருந்து பாவித்த பழைய கார்கள் வந்திறங்கத் தொடங்கியிருந்த காலம். அப்பாவும் ஒன்று வாங்கியிருந்தார். வெள்ளை நிறம். அவருக்குக் கண் கொஞ்சம் மங்கத் தொடங்கியிருந்ததால் ஓட்டுவது என் வேலையாயிற்று. பக்கத்து ஆசனத்தில் அவர் இருப்பார்.

அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர். எட்டாம் வகுப்பில் கணித ஆசிரியை தவறுதலாக எனக்குப் பத்துப் புள்ளி கூடப் போட்டுவிட்டார் என்று கண்டுபிடித்து, விடைத்தாளைத் திருப்பிக் கொண்டுபோய்க் குறைத்து வரச் சொன்னவர் அவர். நான் அழுதபடி கொண்டுபோனேன். பொய் என்பது வேறு வீடுகளில் நடக்கிற காரியம் என்றுதான் நான் நினைத்து வளர்ந்தேன்.

அன்று சனிக்கிழமை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில் இருந்த மாமி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒழுங்கை காலி வீதியில் முட்டுகிற இடத்தில், இடப் பக்கமாக ஒரு லொறி அரிசி மூட்டை இறக்கிக்கொண்டு நின்றது. அதைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வலப் பக்கத்திலிருந்து பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

"நீ பஸ்ஸைப் பார். இந்தப் பக்கம் நான் பாக்கிறன்" என்றார் அப்பா. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

இரண்டு பஸ்களுக்கு நடுவே ஓர் இடைவெளி வந்தது.

"ஒருத்தரும் இல்லை. போ, போ."

போனேன். ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. கார் ஒரு தரம் மேலே எழும்பி இறங்கியது. பிறகுதான் அலறல்.

லொறிக்கு முன்னாலிருந்து ஒழுங்கையைக் கடக்க இறங்கியவள் அந்தப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். முக்காடு விலகி, பாதி சக்கரத்துக்குக் கீழே கிடந்தாள். கையிலிருந்த புதுப் பயணப் பை, கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பொலித்தீன் உறையோடு அப்படியே தெருவில் கிடந்தது. மூட்டை இறக்கிய ஆட்கள் காரைத் தூக்கி அவளை எடுத்தார்கள். இடது காலின் எலும்பு தோலுக்கு வெளியே தெரிந்தது. யாரோ வீதியில் போன ஒரு வான் வண்டியை மறித்து அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் ஸ்டியரிங்கை விடவில்லை. ஒரு கிழவர் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் என்னை இறக்கினார்.

பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் எல்லாவற்றையும் சிங்களத்தில் எழுதினார். எனக்குச் சிங்களம் அரைகுறை. அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். நான் சொன்னதையெல்லாம் அவரே மொழிபெயர்த்துச் சொன்னார். கடைசியாகச் சார்ஜன்ட் அவரைப் பார்த்து, பக்கத்தில் இருந்த நீங்கள் என்ன கண்டீர்கள் என்று கேட்டார்.

"மம முகுத் தெக்கே நே" என்றார் அப்பா. தான் ஒன்றும் காணவில்லை என்று.

அவ்வளவு சிங்களம் எனக்குத் தெரியும். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சார்ஜன்ட்டின் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் குனிந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். காரில் பேப்பர் எதுவும் இருக்கவில்லை.

அப்பா பயந்துவிட்டார் என்பது எனக்கு விளங்கியது. பொலிஸ், வழக்கு, நீதவான் என்று வந்ததும் நாக்கு தானாகப் பின்வாங்கியிருக்கும், வீட்டுக்குப் போனதும் என்னிடம் சொல்லுவார் என்று நினைத்தேன். அன்று சொல்லவில்லை. அடுத்த நாள் பூசைக்குப் போனார். சுவாமியாரிடம் நன்மை அப்பம் வாங்க எழும்பவில்லை. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் அவர் எழும்பவில்லை. அம்மா கேட்டதற்கு முழங்கால் வலி என்றார்.

அப்பா ஒழுங்கு செய்த சட்டத்தரணியிடம் நான் தனியாக ஒருமுறை கேட்டேன். பக்கத்தில் இருந்தவர் போகச் சொன்னால் அது கணக்கில் வருமா?

"தங்கச்சி, ஸ்டியரிங் உம்மட கையில இருந்தது. பக்கத்தில இருந்தவர் என்ன சொன்னாலும் சட்டத்துக்கு ஒண்டுதான். குற்றத்தை ஒத்துக்கொள்ளும். கெதியா முடிஞ்சிடும்."

அது கெதியாக முடியவில்லை. புதுக்கடை நீதிமன்றத்தில் போக்குவரத்து வழக்குகள் எடுக்கிற மண்டபத்துக்கு மூன்று தரம் போனோம். ஒருமுறை வைத்திய அறிக்கை வரவில்லை, ஒருமுறை சார்ஜன்ட் வரவில்லை. மூன்று தரமும் அந்தப் பெண் வந்திருந்தாள், இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல்களோடு. அவளுடைய உம்மா பின்னாலே தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வருவார். நான் அவர்கள் இருக்கிற பக்கம் திரும்பமாட்டேன்.

மூன்றாம் தரம் அப்பா சட்டத்தரணியைத் தேடி உள்ளே போயிருந்தார். நான் விறாந்தையில் தூணோடு நின்றேன்.

"இங்க வந்து இரி புள்ள. எவ்வளவு நேரம் நிக்கிற?" என்று அவள் கூப்பிட்டாள்.

போய் அவர்கள் இருந்த வாங்குப் பலகையின் நுனியில் இருந்தேன். "கால் எப்படி அக்கா?" என்றேன்.

"கட்டையாப் பெய்த்து. இனி இப்பிடித்தான் எண்டு டொக்டர் செல்லின." சொல்லிவிட்டு, மற்றதைவிடக் குட்டையாகிப்போன காலை நீட்டிக் காட்டினாள். "நான் குவைத்துக்கு வேலைக்குப் போக இருந்த. போறதுக்குப் பதினொரு நாள்தான் இருந்த. அண்டைக்கு பேக் வாங்கத்தான் வந்த. ஏஜன்சியில வேற ஆள அனுப்பிட்டாங்க."

அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"ஒன்னய நான் ஏசல்ல" என்றாள். "நீ பஸ் வார பக்கம் பாத்துக்கொண்டு இருந்த. எனக்குத் தெரியும். ஒங்கட வாப்பா என்னயக் கண்ட. நானும் அவர கண்ட. தலைய வெளிய போட்டு என்ட மொகத்தப் பாத்தார். அவர் பாத்த எண்டுதான் நான் எறங்கின, கார் நிக்கும் எண்டு."

அவளுடைய உம்மா, "சும்மா இரி மகள். அதச் செல்லி என்ன?" என்றார்.

அப்பா கவனிக்காமல் போகச் சொல்லிவிட்டார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மங்கிய கண், லொறியின் நிழல், பதற்றம் என்று எத்தனையோ காரணங்களை அவருக்காக நானே அடுக்கி வைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள்.

கூண்டில் நின்றபோது அப்பா இரண்டாம் வரிசையில் இருப்பது தெரிந்தது. நீதவான் சிங்களத்தில் ஏதோ வாசித்தார். மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பி, "கவனக்குறைவாக வாகனம் செலுத்தியது, காயம் ஏற்படுத்தியது. குற்றத்தை ஒத்துக்கொள்ளுறீரா?" என்று கேட்டார்.

சட்டத்துக்கு எல்லாம் ஒன்றுதான். அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மண்டபத்தில் அப்பா ஒரு தரம் எழும்பி, நான்தான் போகச் சொன்னேன் என்று சொல்லமாட்டாரா என்று காத்திருந்தேன். மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் தரமும் கேட்டார். அப்பா தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றேன்.

தண்டப்பணம் விதித்து, ஒரு வருடத்துக்கு அனுமதிப்பத்திரத்தை நிறுத்தினார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே அந்தப் பெண் எங்கள் சட்டத்தரணியை மறித்து, தனக்கு நட்டஈடாக என்ன கிடைக்கும் என்று கேட்டாள். "அது வேற வழக்கு, வேற கோர்ட்" என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்த ஆளோடு நடந்துவிட்டார். அவள் ஊன்றுகோல்களைச் சரிப்படுத்திக்கொண்டு படிகளை ஒவ்வொன்றாக இறங்கினாள். அவளைத் தாண்டி இறங்க எனக்கு முடியவில்லை. பின்னாலேயே நின்றேன்.

பஸ்ஸில் வந்தோம். அப்பா ஜன்னல் பக்கம் இருந்தார். நான் கேட்டேன்:

"அவ உங்களைக் கண்டவவாம். நீங்களும் அவவைக் கண்டனீங்களாம்."

இரண்டு பஸ் தரிப்புகள் போயின.

"நிண்டிடுவா எண்டு நினைச்சன் பிள்ளை" என்றார். "கார் வெளிக்கிட்டால் ஆக்கள் நிக்கிறதுதானே. பின்னால ஒருத்தன் ஹோன் அடிச்சுக்கொண்டு நிண்டான்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாட்ட சொல்லாதை" என்றார்.

நான் சொல்லவில்லை. அப்பா அந்த மாதமே காரை விற்றார். அதன் பிறகு அவர் பதினாறு வருடம் உயிரோடிருந்தார். என் படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாவற்றிலும் பக்கத்தில் நின்றார். நல்ல தகப்பன் என்று ஊரே சொல்லும். ஆனால் எதையாவது "செய், பிள்ளை" என்று அவர் சொன்னால் நான் ஒரு தரம் நானே பார்த்துவிட்டுத்தான் செய்தேன். அவருக்கும் அது தெரிந்திருந்தது. அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு நாளும் கதைக்கவில்லை.

தீர்ப்பு வந்து ஆறு மாதத்தின் பின் அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போனேன். தெமட்டகொடைப் பக்கம், ஒரே வரிசையில் பத்துப் பன்னிரண்டு அறைகள். தனக்கு நின்று செய்கிற வேலை ஒன்றும் சரிவராது என்றாள். மற்ற வழக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்றாள். பிளேன்டீ ஊற்றித் தந்தாள். அப்பா அவளைக் கண்டதை ஒத்துக்கொண்டார் என்று அவளிடம் சொல்லத்தான் நான் போயிருந்தேன். சொன்னேன்.

அவள் நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து கோப்பையை வாங்கினாள்.

"நீ நல்ல புள்ள" என்றாள். "ஆனா இனி வராத. ஒன்ட மொகத்த பாக்கக்குள்ள எனக்கு அந்தச் சத்தம் கேக்குது."

நான் பிறகு போகவில்லை.