ஒரு பாடலுக்குப் பிறகு பேசுவோம்

யுத்த காலத்தில் கொழும்பில், ஒரு தமிழ் வானொலியில், ஞாயிறு காலை ஒரு மணித்தியாலம் நேயர்களோடு பேசுவது என் வேலை. கலை, கருத்து, பொது விவகாரம் என்று நிகழ்ச்சிக்கு விளம்பரம். பொது விவகாரம் என்றால் குப்பை, பஸ், மழைக்கு வெள்ளவத்தை ஒழுங்கைகளில் தேங்கும் தண்ணீர். அதற்கு மேலே போகக் கூடாது. யாராவது சுற்றிவளைப்பு, சோதனைச் சாவடி என்று வாயெடுத்தால், "அருமையான கருத்து, ஒரு பாடலுக்குப் பிறகு பேசுவோம்" என்று சொல்லி, அவர் குரலை இறக்கிவிட்டுப் பாட்டைப் போடுவேன். அவர்களும் விஷயம் விளங்கி போனை வைத்துவிடுவார்கள். அவசரத்துக்கென்றே ஒரு பாட்டு எப்போதும் தயாராக இருக்கும். இவளைப் போலப் பதமாக வெட்ட ஆளில்லை என்று நிலையத்தில் மெச்சுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

வாராவாரம் ஒருவர் போன் எடுப்பார். பெயர் சொல்ல மாட்டார், வெள்ளவத்தையிலிருந்து ஒரு நேயர் என்பார். ஓய்வுபெற்ற வாத்தியார் என்பது பேச்சிலேயே தெரியும். நான் சொல்வது எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். தமிழ் நாடகம் செத்துவிட்டதா என்று ஒருநாள் கேட்டேன். "நாடகம் சாகேல்லைப் பிள்ளை, பாக்கிற சனம்தான் இடம்பெயர்ந்திட்டுது" என்றார். என் கை பாட்டுக்குப் போய், சிரிப்பு வந்ததால் திரும்பி வந்தது. அந்த மனிதருக்காகவே நான் ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

வாசிப்புப் பழக்கம் குறைந்துவிட்டதா என்று பேசிய நாளில் அவர் தன் ஊர் வாசிகசாலையைப் பற்றிச் சொன்னார். "குளக்கட்டுக்குக் கீழ, மருதமரத்தோட. ஒரு பேப்பரை நாலு துண்டாப் பிரிச்சு நாலு பேர் வாசிப்பம். விளையாட்டுப் பக்கம் கையில கிடைக்க மத்தியானமாகும்."

அந்த வாசிகசாலையை எனக்குத் தெரியும். நானும் வன்னிதான், பக்கத்து ஊர். நம்மவர்கள் இருவர் சந்தித்தால் மூன்றாவது வசனமே "எந்த ஊர்?" என்பதுதான். கொழும்பில் அந்தக் கேள்வியை விழுங்கப் பழகியிருந்தோம். அன்று எனக்கு விழுங்க முடியவில்லை.

"ஐயா, நீங்கள் எந்த ஊர்?"

சொன்னார். ஊரைச் சொன்னார், குளத்தின் எந்தப் பக்கம் என்றார், படிப்பித்த பள்ளிக்கூடத்தைச் சொன்னார். நான் என் ஊரைச் சொன்னேன். தலைப்பை மறந்து இருவரும் ஐந்து நிமிஷம் கதைத்தோம். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தேனோ தெரியாது.

அடுத்த ஞாயிறு அவர் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா நிலையத்துக்கு வந்தார். வாத்தியாரின் மனைவி.

இருவரும் ஒரு லொட்ஜில் தங்கி, வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போக விசாவுக்குக் காத்திருந்தவர்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி என்றால் சந்தேகம் கூடும் என்று, கொழும்பில் தங்கும் தமிழர் செய்ய வேண்டிய பொலிஸ் பதிவில் யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வருஷமாக லொட்ஜில் ஒருவருக்கும் ஊரைச் சொல்லாத மனிதர். நாங்கள் கதைத்த மூன்றாம் நாள், புதன்கிழமை விடிய வந்தவர்கள், வன்னி வாத்தியாரின் அறை எது என்றுதான் கேட்டார்களாம். கூட்டிக்கொண்டு போனவர்கள் விடவில்லை. எந்தப் பொலிஸ் நிலையத்திலும் அப்படி ஒருவர் இல்லை என்கிறார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் இன்னொருவரைக் கெடுத்தேன்.

அந்த அம்மா என்னைத் திட்டியிருக்கலாம். "அண்டைக்கு உங்களோட போன் கதைச்சிட்டு எவ்வளவு சந்தோஷமா வந்தவர் தெரியுமோ பிள்ளை. எங்கட குளத்தைப் பற்றிக் கதைச்சனான் எண்டு லொட்ஜ் முழுக்கச் சொன்னவர்" என்றார். பிறகு கேட்டார்: "அவரின்ர பேரை ஒருக்கா வானொலியில சொல்லுவீங்களே? எங்கையாவது கண்ட சனம் வந்து சொல்லும். வேறொண்டும் வேண்டாம்."

மேலதிகாரியிடம் போனேன். இது கலாசார நிகழ்ச்சி, காணாமல் போனவர்களைத் தேடுகிற இடமல்ல என்றார். திரும்பி வந்து அம்மாவிடம் "பார்ப்போம்" என்றேன். நம்மவர்கள் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். தலையாட்டிவிட்டு, கொட்டாஞ்சேனையில் தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொல்லி எழுந்தார்.

அந்த ஞாயிறு கொடுக்கப்பட்ட தலைப்பு, உரையாடும் கலை நம்மிடம் குறைகிறதா என்பது. மூன்றாவது அழைப்பை எடுத்தேன்.

"வணக்கம், எங்கிருந்து பேசுகிறீர்கள்?"

"கொட்டாஞ்சேனையில இருந்து, பிள்ளை. என்ர மனுசன்ர பேர்..."

கலையகத்துக் கண்ணாடிக்கு அப்பால் அன்று ஒருவரும் நிற்கவில்லை. எனக்கு ஒருவரும் கை காட்டவில்லை. ஒரு பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குள் என் கை வேலையை முடித்துவிட்டது. பெயரின் முதல் எழுத்துக்கூட வெளியே போகவில்லை. "அருமையான கருத்து, ஒரு பாடலுக்குப் பிறகு பேசுவோம்" என்று என் குரல் சொன்னது. பயம் என்று இன்று பெயர் வைக்கலாம். எனக்கும் அதே வன்னி விலாசம்தானே. அன்று அது வெறும் பழக்கமாகத்தான் இருந்தது, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வாத்தியார் பிறகு வரவேயில்லை.

மற்றவர்களைப் போல அந்த அம்மா போனை வைக்கவில்லை. பாட்டு முடியும்வரை அவருடைய இணைப்பின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பிறகு பேசுவோம் என்று நான் சொன்னதை நம்பிக் காத்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் நான் அடுத்த நேயரை எடுத்தேன்.