கேட்டுத்தான் மடை திறந்தோம்

கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் வக்கீலின் ஆபீஸ். படி செங்குத்து. நான் யார் கையையும் பிடிக்காமல் ஏறினேன். கூட வந்த நாத்தனார்தான் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். அவள் என்னைவிட இளையவள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வழக்கு தண்ணீர் வழக்கு. கச்சிராயபாளையம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரும்புக் கழனி உண்டு. மலையில் மழை பெய்து கோமுகி அணை நிறைந்து தண்ணீர் திறந்தால், அது பெரிய வாய்க்காலில் வரும். அங்கிருந்து எங்களுக்கு மேலே இருக்கிற பங்காளி வீட்டுக் கழனிக்குள் ஒரு சின்ன வாய்க்காலாக ஓடி, எங்கள் கழனியில் இறங்கும். வேறு வழி கிடையாது. என் மாமனார் காலத்திலும் அப்படித்தான். அந்தப் பங்காளி போய்ச் சேர்ந்த பிறகு அவர் மகன் பயிர் பார்க்க வந்தான். பைப் போட்டுச் சொட்டு நீர் விடப்போகிறேன் என்று சொல்லி, சின்ன வாய்க்காலை மண் கொட்டி மூடிவிட்டான். நேரில் போய்க் கேட்டேன்.

"எங்க நிலத்துல ஓடற வாய்க்கா பெரிம்மா. இத்தினி வருசம் வுட்டோம். இனிமே முடியாது" என்றான்.

கரும்பு இடுப்பு உயரம் வந்திருந்தது. தோகை சுருளத் தொடங்கிவிட்டது. அதனால் கோர்ட்டுக்குப் போனோம்.

வாய்க்காலை உடனே திறக்கச் சொல்லி உத்தரவு வாங்க வேண்டுமென்றால், நான் சத்தியம் செய்து ஓர் அபிடவிட் கொடுக்க வேண்டும் என்றார் வக்கீல். மறுநாளிலிருந்து கோர்ட்டுக்குப் பொங்கல் லீவு. அன்றைக்கே தாக்கல் ஆகாவிட்டால் கரும்பின் கதி என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"வாங்கம்மா, உக்காருங்க. எல்லாம் ரெடி" என்றார் வக்கீல். "அன்னிக்கு நீங்க சொன்னத குமாஸ்தாம்மா சுருக்கமா அடிச்சிக் குடுத்தாங்க. மீதிய ஏ.ஐ. எழுதிடுச்சு. முன்னெல்லாம் ஒரு பொழுது போவும். இப்ப டீ ஆறறதுக்குள்ள வந்துடுது."

"அது யாருங்க, புது ஜூனியருங்களா?" என்று கேட்டாள் நாத்தனார்.

"ஆமா, சம்பளம் கேக்காத ஜூனியரு" என்றார் குமாஸ்தாம்மா. பிறகு கம்ப்யூட்டரைக் காட்டி, மனுசர் கேட்பதை வைத்து அது தானாகவே எழுதும் என்று விளக்கினார். இப்போது பெரிய ஆபீஸ்களில்கூட மனுவுக்குப் பதிலை அதை வைத்துத்தான் எழுதுகிறார்களாம்.

குமாஸ்தாம்மா தாள்களைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தில் விரல் வைத்தார். "இங்க ஒரு கையெழுத்து."

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பஸ் போர்டு படிப்பேன். எழுத்தைக் கூட்டிக் கூட்டி நாலு வரி படித்துவிடுவேன், நேரம் கொடுத்தால். நேரத்தை நானே எடுத்துக்கொண்டேன். என் பெயருக்கு மேலே இருந்த வரியைக் கூட்டினேன். இதில் உள்ளது எல்லாம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டு, நான் புரிந்துகொண்டு, சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டதாக அந்த வரி சொன்னது.

"யாரு படிச்சிக் காட்னது?" என்றேன்.

"அது வழக்கமா வர்ற வரிம்மா. எல்லாத்துலயும் இருக்கும்."

"எல்லாத்துலயும் இருக்கட்டும். எனக்கு யாரு படிச்சாங்க?"

நாத்தனார் என் தொடையில் கிள்ளினாள். "மணி ஆவுது. போட்டுக் குடுத்துட்டு வா. கரும்பு காஞ்சிக்கினு கெடக்குது, இவ பரீட்சை வெச்சிக்கினு இருக்கா."

நான் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டேன். குமாஸ்தாம்மா வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு குமாஸ்தாம்மா படிக்க ஆரம்பித்தார்.

தமிழ் நன்றாகத்தான் இருந்தது. கல்யாணப் பத்திரிகை மாதிரி வழவழவென்று போனது. ஆதரவற்ற ஏழை விதவையாகிய நான் என்று ஓரிடத்தில் வந்தது. அதைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னேன். விதவை சரி. மற்ற இரண்டும் நான் சொன்னதில்லை. வக்கீல் சிரித்துக்கொண்டே அடித்தார். இன்னும் கொஞ்சம் போனது. எங்கள் குடும்பம் அந்த வாய்க்கால் தண்ணீரை எவரிடமும் எக்காலத்திலும் அனுமதி கேளாமல், வெளிப்படையாகவும் தொடர்ச்சியாகவும் அனுபவித்து வந்தது என்று படித்தார்.

"நிறுத்துங்க" என்றேன். "யாரையும் கேக்கலன்னா எழுதியிருக்குது?"

"ஆமாம்மா. அதான் முக்கியமான வரியே."

"நாங்க கேட்டமே."

குமாஸ்தாம்மா தாளைக் கீழே வைத்தார்.

எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அணைத் தண்ணீர் வந்ததும் முதல் மடை திறப்பதற்கு முன், கீழ்க்கழனி வீட்டுப் பெண் வெற்றிலை பாக்கோடு மேல்கழனி வீட்டுக்குப் போவாள். வாசலில் நின்று, "மடை தொறக்கலாங்களா?" என்று கேட்பாள். அந்த வீட்டுப் பெண் தட்டை வாங்கிக்கொண்டு, "தொறங்க" என்பாள். அதேபோல் கரும்பு வெட்டினால் அவர்கள் வண்டி எங்கள் கழனி ஓரமாகத்தான் ரோட்டுக்கு ஏற வேண்டும். அதற்கு அவர்கள் தட்டோடு வந்து எங்களைக் கேட்பார்கள். இல்லை என்று அவர்களும் சொன்னதில்லை, நாங்களும் சொன்னதில்லை. கேட்காமல் செய்தால்தான் அந்த வருசம் முழுக்க ஊர் பேசும்.

இதை முதல் நாள் நான் வக்கீலிடம் சொல்லவில்லை. சோறு தின்பதற்கு முன் கை கழுவினேன் என்று யாராவது கோர்ட்டில் போய்ச் சொல்வார்களா? நான் சொல்லாமல் விட்ட இடம் காலியாகக் கிடந்தது. அந்த இயந்திரம் அதைக் காலியாக விடவில்லை. மற்ற வழக்குகளில் எல்லாம் என்ன எழுதுவார்களோ அதைப் போட்டு நிரப்பிவிட்டது. கேட்டார்களா, கேட்கவில்லையா என்று ஒரு வார்த்தை என்னிடம் விசாரிக்க அதற்கு வாய் இல்லை. விசாரிக்க வாய் இருந்தவர்களும் விசாரிக்கவில்லை.

வக்கீல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கெட்ட மனுசர் இல்லை. மறைக்காமல் சொன்னார்.

"பெரியம்மா, கேக்காம அனுபவிச்சாத்தான் சட்டத்துல பாத்தியதை. கேட்டு அனுபவிச்சா அது அவங்க குடுத்த சலுகைன்னு எதிர்த்தரப்பு சொல்லும். இந்த வரி இருந்தா இன்னிக்கே உத்தரவு கிடைக்க வாய்ப்பு ஜாஸ்தி. எடுத்துட்டா கம்மி."

"அப்ப மரியாதை தெரியாதவனுக்குத்தான் கோர்ட்டுல தண்ணியா?"

"அப்படி இல்லம்மா..."

"இல்லன்னா எடுங்க."

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "உனக்கு இன்னா வந்துச்சு? மெசினு எழுதனது. வக்கீலு சரின்றாரு. நீ எதுக்கு நடுவுல?"

"நடுவுல இல்ல, அடியில இருக்கறேன். கையெழுத்து அங்கதான கேக்கறாங்க? மெசினா கூண்டுல ஏறி நிக்கப்போவுது? நான்தான் நிக்கணும். அந்த வூட்டு வாசல்ல நின்னு கேட்ட வாயால கேக்கலன்னு சத்தியம் பண்ணிட்டு, அதே தெருவுல எப்பிடி நடப்பேன்?"

அந்தக் கரும்பு என் உழைப்பு. அது காய்ந்தால் எனக்கு வலிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனாலும் நான் எழுந்து நின்றுவிட்டேன். வக்கீல் உட்காரச் சொன்னார்.

"படிச்சிப் பாக்காம உங்ககிட்ட நீட்டினது என் தப்பு" என்றார். "வழக்காறுன்னு ஒரு வழி இருக்குது. ஊர் வழக்கம்னு எழுதி வாதாடிப் பாக்கலாம். கஷ்டமான வழி. சொல்லிட்டேன்."

"எழுதுங்க."

சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் அவரே உட்கார்ந்து எழுதினார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வெற்றிலைத் தட்டு, வண்டிப் பாதை, கடைசியாகப் பங்காளி பையன் சொன்ன பதில் எல்லாம் உள்ளே வந்தன. குமாஸ்தாம்மா முழுசாகப் படித்துக் காட்டினார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். என் எழுத்து கோணல்தான். அதற்கு நான் வெட்கப்படுவதில்லை.

வக்கீல் பயந்த மாதிரியே ஆனது. அன்றைக்கு உத்தரவு கிடைக்கவில்லை. எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும், லீவு முடிந்து வாருங்கள் என்றார் ஜட்ஜம்மா. ஊர் திரும்பும் பஸ்ஸில் நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பொங்கலுக்கு எங்கள் கழனியில் கீழ்ப்பாதிக் கரும்பு காய்ந்தது. மேல்பாதிக்குப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கெஞ்சாமல் விலைக்கு வாங்கிப் பாய்ச்சினேன்.

லீவு முடிந்து போனபோது, கோர்ட் வராந்தாவில் அந்தப் பையன் தன் ஆட்களோடு நின்றிருந்தான்.

"இன்னா பெரிம்மா, கேட்டுக்கினுதான் தண்ணி வுட்டோம்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களாமே? எங்க வக்கீலுக்கு வேலையே வெக்கலியே!" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஆமாண்டா, எழுதிக் குடுத்தேன். உங்க ஆயாவ கேட்டேன், உங்கம்மாவ கேட்டேன், உன்னையும் கேட்டேன். இல்லன்னு சொன்ன மொத ஆளு நீதான். அதையும் எழுதியிருக்குது, போய்ப் படி."

அவன் தன் வக்கீலைத் தேடிக்கொண்டு உள்ளே போனான்.

ஜட்ஜம்மா இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, இடத்தைப் பார்த்து வர ஒரு கமிஷனரை அனுப்பினார். அவரும் ஒரு வக்கீல்தான். வரப்பில் நடந்து, மூடின வாய்க்காலைப் படம் எடுத்தார். பிறகு போய்ச் சேர்ந்த பங்காளியின் மனைவியை, அந்தப் பையனின் அம்மாவை, விசாரித்தார். எனக்கு ஓரகத்தி முறை. வழக்கு வந்த நாளிலிருந்து நானும் அவளும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"இவங்க உங்கள கேட்டுத்தான் மடை திறப்பாங்களா?" என்றார் கமிஷனர்.

அவள் மகனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. "ஒரு வருசம்கூட கேக்காம தொறந்ததில்லிங்க. அதுல அவ கெட்டி."

"வேணாம்னு சொல்லியிருக்கீங்களா?"

"தண்ணிய எப்பிடிங்க வேணாம்னு சொல்றது? எங்க வண்டிய அவ வேணாம்னு சொன்னாளா?"

கமிஷனர் அப்படியே எழுதிக்கொண்டார். அந்தப் பதில் தங்களுக்குத்தான் சாதகம் என்று அவர்கள் வக்கீல் சொல்கிறாராம். எங்களுக்குத்தான் என்கிறார் எங்கள் வக்கீல். எது சரி என்று ஜட்ஜம்மா சொல்லட்டும். வாய்க்கால் இன்னும் மூடித்தான் கிடக்கிறது. காய்ந்த கரும்பை மாட்டுக்கு வெட்டிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் மழையை நம்பி உளுந்து விதைத்திருக்கிறேன்.

போன வாரம் குமாஸ்தாம்மா போன் பண்ணினார். அவர்கள் பதிலுக்கு நாங்கள் ஒரு பதில் போட வேண்டுமாம், தயாராக இருக்கிறதாம்.

"மெசினு எழுதினதா, அவர் எழுதினதா?" என்றேன்.

"மெசினு எழுதிச்சு. அவரு படிச்சி மூணு எடத்துல அடிச்சிட்டாரும்மா."

"நாலாவது எடம் இருக்கும். காலையில மொத பஸ்ஸுக்கு வர்றேன். படிக்கறதுக்கு ஆள வெச்சிடுங்க."