யுகுலேலேயும் என் மோதிர விரலும்

போடியில் எங்கள் ஏலக்காய்க் கடையின் ஷட்டரை அவசரமாக இறக்கியபோது என் இடது கை மோதிர விரல் நசுங்கியது. கட்டுப் பிரிக்க ஆறு வாரம் ஆனது. தேனி டாக்டர் விரலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "பழைய பலம் முழுசா வரும்னு சொல்ல முடியாதும்மா" என்றார். வீட்டுக்கு வந்து என் கணவரிடம், "சரியாப் போச்சுன்னு சொன்னாக" என்று மட்டும் சொன்னேன்.

என் பயமெல்லாம் யுகுலேலேயைப் பற்றித்தான். கிடாரின் குட்டித் தம்பி மாதிரி, நாலு தந்தி போட்ட வாத்தியம்; என்னுடையது அதிலும் ரொம்பச் சின்ன அளவான சோப்ரானோ. நாற்பது வயதுக்கு மேல் யூடியூப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டது. கடையும் வீடும் என்னிடம் பங்கு கேட்காத ஒரே விஷயம் அது. சின்ன உடம்பு, ஓசை ரொம்ப நேரம் நிற்காது. ஆனாலும் நிதானமாக மூன்று எண்ணும் வரை கணீரென்று இருக்கும்.

கட்டுப் பிரித்த மறுநாள் மோதிர விரலால் தந்தியை அழுத்தி மீட்டினேன். டொக். ஒன்று எண்ணி முடிப்பதற்குள் ஓசை செத்துவிட்டது. இன்னும் பலமாக அழுத்தினேன். அதே டொக். பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினேன். விரல் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். அழுகையும் எரிச்சலும் மாறி மாறி வந்தன.

ஒரு ஞாயிறு காலை, கட்டிலில் கிடந்த யுகுலேலேயை இவர் நகர்த்தி வைத்தபோது கை பட்டு நாலு தந்தியும் ஒலித்தன. நாலும் டொக். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தந்தியை யாரும் அழுத்தவே இல்லையே. இத்தனை நாளும் ஃபோனில் சுருதி பார்க்கிற ட்யூனர் பச்சை காட்டினால் போதுமென்று இருந்தேனே தவிர, வெறும் தந்தியைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. என் அறிவை என்னவென்று சொல்ல.

"ஏங்க, இத என்ன செஞ்சீக?"

"ஒண்ணும் செய்யலயே. மழைக்காலத்துல சும்மா கெடந்துச்சு, பூச்சி அரிச்சிரும்னு உள்ள கொஞ்சம் காய் வச்சேன்."

பட்டுப்புடவை, பத்திரம், கல்யாண ஆல்பம் எல்லாவற்றோடும் ஏலக்காய் முடிச்சு வைக்கிற குடும்பம் இவருடையது. வேறு வீடாக இருந்தால் வாசனையே காட்டிக் கொடுத்திருக்கும். எங்கள் வீட்டில் தலையணையில்கூட அந்த வாசனைதான். மூக்கு எதைக் கண்டுபிடிக்கும்?

தந்திகளைத் தளர்த்தி, சீப்பின் காம்பால் நோண்டினோம். மேல் பலகைக்கும் அடிப் பலகைக்கும் நடுவில் ஒரு துணி முடிச்சு இறுகிப்போயிருந்தது. பலகை அதிர்ந்தால்தானே ஓசை நீடிக்கும்.

"நல்ல எட்டு எம்எம் மொதத்தரக் காயாத்தான் பாத்து வச்சேன்" என்றார் பாவமாக.

திட்டுவதைத் தள்ளிப்போட்டுவிட்டு, சுருதி சேர்த்து, மோதிர விரலால் அழுத்தி மீட்டினேன். ஒன்று. இரண்டு. மூன்று. அதற்குப் பிறகும் மெல்லிசாக இருந்தது. அப்பாடா என்றிருந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டர் சொன்னதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.

"இத்தன நாளா இதத் தனியாவா வச்சிருந்த?" என்றார்.

கையை நீட்டினேன். விரல் நுனியில் தந்தி பதிந்து சிவந்திருந்த கோட்டை அவர் மெல்லத் தடவினார்.

"வலிக்கிதா?"

"நல்லா வலிக்கிது" என்றேன் சந்தோஷமாக.