மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க

ஸ்கேன் சென்டரில் டாக்டர் படத்தைப் பார்ப்பார். எங்களைப் போன்றவர்கள் நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும். திண்டுக்கல்லில் பத்து வருஷமாக ஆட்களை மேஜையில் ஏற்றி இறக்குகிறேன். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன். வெறும் வயிற்றோடு, டோக்கனைப் பிடித்துக்கொண்டு, ஏசி குளிரில் நீங்களும் ஒருநாள் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். நாங்களும் உங்களிடம் சிடுசிடுத்திருப்போம். எங்கள் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

இந்தி பேசும் மிஷின்

நெஞ்சைப் படம் எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் கலங்கிவிடும். அதை மிஷினே சொல்லும், ஆனால் இந்தியில் சொல்லும். தமிழுக்கு மாற்றக்கூடாதா என்று கேட்டதற்கு டெக்னீஷியன் பிரபு, "அதான் நீ இருக்கீல்ல பெருசு" என்றான். அந்தப் 'பெருசு' இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. அன்றிலிருந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மைக்கில் சொல்வது என் வேலையாகிவிட்டது.

ஒருநாள் சிறுமலையிலிருந்து வந்த அம்மா ஒருவர் நான் சொன்னபடி மூச்சைப் பிடித்தார். அதற்குள் பிரபு ஏதோ கேட்க, திரும்பிவிட்டேன். படம் முடிந்தும் அந்த அம்மா மூச்சை விடவில்லை, கண்கள் பிதுங்கிவிட்டன. ஓடிப்போய் எழுப்பினேன். இரைத்துக்கொண்டே சொன்னார்: "நீ விடச் சொல்லாம நான் எப்படி அப்பு விடுவேன்?"

இல்லை என்று எழுதிய இடம்

எரியோட்டிலிருந்து பால்ராஜ் வந்தார். ஒருபக்க நெஞ்சில் திரும்பத் திரும்ப நீர் கோர்த்து, மூன்று தடவை ஊசி குத்தி எடுத்திருந்தார்கள். டி.பி. என்று ஆறு மாதம் மாத்திரை தின்றும் கேட்கவில்லை. பிரபு விவரம் எழுதும் பாரத்தை வைத்துக்கொண்டு, "ஆஸ்பெஸ்டாஸ்ல வேலை பாத்திருக்கீங்களா?" என்று கேட்டான். "இல்லப்பா" என்றார். இல்லை என்று எழுதிவிட்டான்.

மேஜையில் ஏற்றும்போது, முன்னே என்ன வேலை பார்த்தீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன். மில் கொட்டகைகளுக்குக் கூரை போட்டதாகச் சொல்லி, கான்ட்ராக்டர் பெயரையும் சொன்னார். நானும் அதே ஆளிடம் எட்டு வருஷம் ஷீட் அறுத்தவன்தான். மூக்கில் கட்டத் துணி கேட்டபோது, "தூசிக்குப் பயந்தவன் எதுக்குலே வேலைக்கு வாரே?" என்றவன் அந்த ஆள்.

பாரம் தப்பு என்று பிரபுவிடம் சொன்னேன். உன் வேலையைப் பார் என்றான். படம் எடுத்து முடிந்ததும் நேரே டாக்டரம்மாவிடம் போய்விட்டேன். அவர் அப்போதுதான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்; நுரையீரலைச் சுற்றித் தோல் போலத் தடித்துக் கிடந்தது. பழைய டி.பி. தழும்பு என்று எழுத இருந்தவர், எழுந்து வந்து பால்ராஜிடமே கேட்டார். பால்ராஜ் கோபப்பட்டார்: "அந்தப் பேரச் சொன்னா எனக்கு என்னம்மா தெரியும்? நாங்க அறுத்தது சிமெண்ட் ஷீட்டு!"

துவைக்க முடியாத உறை

மறுவாரம் ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். சதையைச் சோதித்ததில், அந்த ஷீட் தூசியால் வரும் புற்றுநோய்தான். நுரையீரலில் இல்லை, அதன் உறையில் என்று டாக்டரம்மா பக்குவமாகச் சொன்னார். மேல் வைத்தியத்துக்கு மதுரைக்குப் போகச் சொன்னார்.

பால்ராஜின் மனைவி செல்விக்கு அதில் ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. வாசலில் என்னை நிறுத்திக் கேட்டார். பத்து வருஷத்தில் அப்படி ஒரு கேள்விக்கு முன்னால் நான் நின்றதில்லை. "தலகாணிக்குப் போடுறோமே, அது மாதிரி உறைய மட்டும் கழட்டிட்டா இவரு பொழச்சுக்குவாருல்லண்ணே?"

என் முறை

நானும் அதே ஷீட்டை அறுத்தவன் என்று தெரிந்ததும் டாக்டரம்மா என்னையும் படுக்கச் சொன்னார். நாலு நாள் சாக்குச் சொன்னேன். ஐந்தாம் நாள் படுத்தேன். பிரபு மைக்கில், "மூச்சை இழுத்துப் பிடிங்கய்யா" என்றான். பெருசு என்று சொல்லவில்லை. அதுதான் அதிகமாகப் பயமுறுத்தியது.

உறையில் சுண்ணாம்பு படிந்ததுபோல் இரண்டு திட்டு இருக்கிறதாம். இப்போதைக்குக் கட்டி இல்லை, வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். தன் ஸ்கேன் படம் பதிந்த சி.டி.யை வாங்க வந்த பால்ராஜிடம் சொன்னேன். அந்தக் கான்ட்ராக்டர் புது வீடு கட்டி, அதற்குக் கான்கிரீட் தளம் போட்டிருக்கிறான், தன் தலைக்கு மேல் மட்டும் ஷீட் போடவில்லை என்றும் சொன்னேன். இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கிக்கொண்டு பால்ராஜ் சொன்னார்: "விடுங்கண்ணே... இருக்குற மூச்ச... அவனுக்குச் செலவழிக்கவா?"

ஊருக்கெல்லாம் மைக்கில் 'விடுங்க, விடுங்க' என்று சொல்லிப் பிழைக்கும் எனக்கு, அந்த ஒருத்தனை மட்டும் இன்னும் விட முடியவில்லை.